தாங்குபலகையில் முளைத்த ஆணிகள்

பதுளைக் கடைத்தெருவில் ஜுனைதீன் நானாவின் இரும்புக் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை என்று ரெங்கசாமி சொல்வான். ஆணி வாங்க வருகிறவர்கள் ஒரு வகை. ஏதாவது வம்பில் ஆணியடித்தாற்போல் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு நானா தராசை எடுப்பார். இரண்டாம் வகைக்கு மூக்குக் கண்ணாடியை எடுப்பார். கண்ணாடி வெளியே வந்துவிட்டால் ரெங்கசாமி மாட்டை வண்டியில் பூட்டப் போய்விடுவான். அன்றைக்கு வியாபாரம் அவ்வளவுதான்.

ரெங்கசாமி அந்தக் கடையின் வண்டிக்காரன். வயது நாற்பது. வாய் அடங்காத காரணத்தால் மூன்று தோட்டங்களில் பத்துச்சீட்டு கொடுத்து வெளியே அனுப்பப்பட்டவன். நானாவிடம் மட்டும் பன்னிரண்டு வருஷமாக நிலைத்திருந்தான். அவன் பேசுவதில் பாதிதான் நானாவின் காதில் விழும் என்பது ஒரு காரணம். யாரும் கவனிக்காததை அவன் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவான் என்பது மற்றக் காரணம்.

1912ஆம் வருஷம் மாசி மாதத்து வியாழக்கிழமை காலை கண்ணாடி வெளியே வந்தது. எதிரே நின்றவள் லெட்சுமி, குயில்மலைத் தோட்டத்துத் தச்சாசாரி வீரய்யாவின் பெண்சாதி. கோழி கூப்பிடுமுன் புறப்பட்டு எட்டு மைல் இறங்கி வந்திருந்தாள்.

"அழாம விஷயத்தைச் செல்லுங்க" என்றார் நானா.

"நான் எங்கங்க அழுவுறேன்? நடந்து வந்த வேர்வை" என்றாள் லெட்சுமி.

ரெங்கசாமிக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

அவள் சொன்ன விஷயம் இது. குயில்மலையின் டன்பார் துரை எட்டு மாதத்துக்கு முன் சீமையிலிருந்து ஒரு சிறு படகு தருவித்து வைத்திருந்தார். அதை ஏற்றிச் செல்லவென்றே ஒரு படகு வண்டியும் இருந்தது. வண்டிச் சட்டத்தின் மேல் நீளவாக்கில் இரண்டு தாங்குபலகைகள், ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்தபடி. படகின் வயிறு அவற்றின்மேல் உட்காரும். பழைய பலகைகளைக் கறையான் தின்றுவிட்டது. வருகிற சனிக்கிழமை பெரிய குளத்தில் துரைமார் கிளப்பின் படகுப் பந்தயம். அதனால் புதுப் பலகை போடும்படி துரை வீரய்யாவுக்கு உத்தரவிட்டார். வீரய்யா பலாமரத்தில் இழைத்து, சட்டத்தோடு திருகாணி போட்டு முடுக்கி, படகுக்குக் கீறல் விழாமல் இருக்க மேலே கம்பிளியை இரண்டாக மடித்துப் போர்த்தி, திங்கட்கிழமை வேலையை முடித்தான்.

"செவ்வாய்க்கெழம வண்டி கொட்டாயில சும்மா கெடந்துச்சு. நேத்துக் காலையில பத்துப் பேரு படகத் தூக்கி வண்டியில வச்சாங்க. ஓட்டிப் பாக்கணும்னு தொரை சொன்னாரு. ரோட்டுல ரெண்டு முடக்குத் திரும்பினதும் நிப்பாட்டச் சொல்லி, 'ஆசாரி படகக் கெடுத்துட்டான், தூக்குங்கடா'ன்னாரு. தூக்கிப் பாத்தா அடியில நாலு ஓட்டை. பலகையில போட்ட ஆணி கம்பிளியப் பொத்துக்கிட்டு மேல வந்து நிக்குது."

"வீரய்யா இப்ப எங்க?"

"ஸ்டோர்ல அடைச்சுப் பூட்டியிருக்காங்க. பொழுது சாயப் பொலிசு வருதாம். வேணுமின்னே படகக் கெடுத்தான்னு கோட்டுல கேஸ் போடப் போறாங்க. பத்துச்சீட்டும் எழுதிட்டாங்க. நாங்க சனிக்கெழமைக்குள்ள லயத்து வீட்டக் காலி பண்ணணும். மூணு புள்ளைங்களோட எங்கிட்டுப் போறது?"

நானா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அந்த இஸ்குரு ஆணி எங்க வாங்கினது?"

"ஒங்க கடையிலதாங்க."

"அப்ப இது என் கேஸும்தான்" என்றார் நானா.

ரெங்கசாமி ஏற்கெனவே எழுந்து மாட்டிடம் போய்க்கொண்டிருந்தான்.

* * *

பசறை ரோட்டில் வண்டி ஏறும்போது ரெங்கசாமி தன் முடிவைச் சொல்லிவிட்டான். "ஆசாரி ஆணிய ஒழுங்கா முடுக்கல. ரோட்டுல குலுங்கினதும் அது மேல வந்துருச்சு. அவ்வளவுதான் நானா. வேணும்னா நம்ம மாடுகூடச் சொல்லும்."

"மாடு செல்லாது. அதுக்குப் பாரம் சுமந்து பழக்கம்" என்றார் நானா. மேற்கொண்டு விளக்கவில்லை.

உச்சி வேளைக்குக் குயில்மலை வந்தது. 'என் கடை ஆணி பழுதா என்று பார்க்க வந்திருக்கிறேன்' என்று நானா பங்களாவுக்குச் சொல்லியனுப்ப, 'பார்த்துவிட்டுப் போ' என்று பதில் வந்தது.

கொட்டகையில் படகு குப்புறக் கிடந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த அழகான படகு. அடிப்பக்கம் நாலு இடத்தில் பலகை பிளந்திருந்தது. பக்கத்தில் வண்டி. நானா கம்பிளியை மெல்ல விலக்கினார். பலகைக்கு ஆறாக மொத்தம் பன்னிரண்டு திருகாணிகள். எட்டு ஆணிகள் பலகைக்குள் ஒரு விரற்கடை பதிந்து தலை தெரியாமல் இருந்தன. நாலு மட்டும் நாற்று முளைத்ததுபோல் நிமிர்ந்து நின்றன.

"ரெங்கசாமி, இந்தச் சாக்கு மேல நீ ஏறி உக்காந்தா சாக்கு மேல வருமா, கீழ போகுமா?"

"நான் உக்காந்தா சாக்கு கிழிஞ்சுரும்."

"படகும் அப்படித்தான். பாரம் ஏறினா ஆணி கீழ அமுங்கணும். மேல வராது. அதுவும் வயிறு பாரமா உக்கார்ற எடத்துல, பலகைக்கு ரெண்டு ரெண்டாக் கணக்குப் பார்த்து வந்தீக்கிது."

"தோட்டத்துல எல்லாமே தலைகீழாத்தான் நடக்கும். ஆணி மட்டும் சொன்ன பேச்சுக் கேக்குமா?" என்ற ரெங்கசாமி, பேச்சுப் பாதியில் புரிந்து நிறுத்தினான். "யாரோ திருகி மேல எடுத்திருக்காங்க."

நானா தலையாட்டிவிட்டு லெட்சுமியிடம் வீரய்யாவின் திருப்புளியை எடுத்து வரச் சொன்னார். அவள் லயத்துக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அதன் முனை கட்டைவிரல் அகலம். ஆணித் தலைகளின் காடியிலோ மெல்லிய கீறல்கள், பேனாக்கத்தியால் நோண்டியதுபோல. நாலாவது ஆணியின் காடியில் ஏதோ மின்னியது. நானா ஊசியால் கிளறி எடுத்தார். அரிசிக் குருணை அளவில் ஓர் உருக்குத் துண்டு. கத்தியின் முனை முறிந்து காடிக்குள்ளேயே தங்கிவிட்டது. அதைத் தன் மூக்குப்பொடி டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைத்தார்.

"இன்னொண்டு பாரு" என்று பலகையின் விளிம்பைக் காட்டினார்.

கம்பிளியைப் பலகையோடு பிடித்திருந்த சிற்றாணிகளின் ஓரத்தில் மரத்தில் பிறை பிறையாக அச்சுகள் விழுந்திருந்தன. நாலு இடத்தில் மட்டும்.

"எங்க வீட்டுக்காரரு சுத்தியல் அடிச்சா மரத்துல தடமே விழாதுங்க" என்றாள் லெட்சுமி.

"இது சுத்தியல் இல்ல மகள். கம்பிளியைக் கழட்டி, ஆணியை மேல எடுத்து, திரும்பக் கம்பிளியை மூடிச் சிற்றாணி அடிச்சவன்கிட்ட சுத்தியல் ஈக்கல்ல. சப்பாத்தைக் கழட்டிக் குதியால அடிச்சீக்கிறான். குதியில லாடம் கட்டின சப்பாத்து."

லயத்தில் யாரும் சப்பாத்தைக் கனவில்கூடப் பார்த்ததில்லை. லாடம் கட்டின சப்பாத்து என்றால் ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நானாவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. உவா மலையில் சப்பாத்து லாடம் விற்கிற கடை அவருடையது ஒன்றுதான்.

"இந்தத் தோட்டத்துக்குப் போன வருஷம் ரெண்டு பேருக்கு வித்தேன். ஒண்டு தொரைக்கு. மற்றது டீமேக்கர் சின்னராசாவுக்கு."

"டீமேக்கரா?" என்றாள் லெட்சுமி. "அந்த ஆளுக்கு எங்க மேல கோவங்க. கட்டில் செஞ்சு குடுத்தாரு இவரு. படுத்தா கிறீச்சுனு சத்தம் போடுது, பக்கத்து வீட்டுக்குக் கேக்குதுன்னு சண்ட. கட்டில் மேல குத்தமில்ல, நீங்க பெரண்டு படுக்குறதக் கொறைங்கன்னு இவரு சொல்லிட்டாரு. ஆறு மாசமாப் பேச்சில்ல."

"கேஸ் முடிஞ்சுது" என்றான் ரெங்கசாமி. "கட்டிலுக்குப் பழி படகு. வாங்க நானா, தேத்தண்ணி பேக்டரிக்கே போயிட்டு வந்துரலாம்."

புறப்படுமுன் அவன் கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த துடுப்புகளில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். படகின் விளிம்பில் உரசுகிற இடத்தில் துடுப்புக்குத் தோல் சுற்றியிருந்தது. அந்தத் தோலில் ஒரு கீறல் இல்லை. "எட்டு மாசமா இருக்குற துடுப்பா இது? கோயில்ல வச்சுக் கும்பிட்டிருப்பாங்க போல" என்று சொல்லிவிட்டு வைத்தான். நானா திரும்பி அந்தத் துடுப்பை ஒரு நிமிஷம் பார்த்தார்.

* * *

டீமேக்கர் சின்னராசா கோட்டும் தொப்பியுமாக இலை உலர்த்தும் மாடியில் நின்றார். வீரய்யா பெயரைக் கேட்டதுமே முகம் கடுத்தது.

"அவனப் பத்தி எங்கிட்ட என்ன பேச்சு? கோணல் ஆசாரி. அவன் செஞ்ச கட்டில்ல மனுசன் படுக்க முடியாது."

"நான் கட்டிலுக்கு வரல்லீங்க. ஒங்க சப்பாத்தைக் கொஞ்சம் காட்டுவீங்களா?" என்றார் நானா.

சின்னராசா ரெங்கசாமியைப் பார்த்தார். இந்த ஆளுக்கு மூளை சரிதானா என்று கேட்கிற பார்வை. சரியில்லை, ஆனாலும் காட்டுங்கள் என்பதுபோல் ரெங்கசாமி கையை விரித்தான். அவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். குதியில் லாடம் இல்லை. லாடம் இருந்த இடத்தில் ஆணித் துவாரங்கள் மட்டும், அவற்றில் அழுக்கு அடைந்து கெட்டியாகியிருந்தது.

"லாடம் எங்கங்க?"

"மார்கழியிலயே கழட்டிட்டேன். மரத்தளம் தேயுதாம், பேக்டரிக்குள்ள யாரும் லாடம் போடக்கூடாதுன்னு தொரை உத்தரவு. அவரு மட்டும் டக்கு டக்குனு போட்டுக்கிட்டு வருவாரு. யாரு கேக்குறது?"

ரெங்கசாமியின் கேஸ் அங்கேயே படுத்துவிட்டது. அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. கட்டிலுக்குப் பழிவாங்கிய டீமேக்கர் என்றால் கடைத்தெருவில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

"பந்தயத்துல ஒங்க தொரை கெலிப்பாரா?" என்று நானா சாதாரணமாகக் கேட்டார்.

கோபத்தை மறந்து சின்னராசாவுக்குச் சிரிப்பு வந்தது. குரலைத் தாழ்த்தினார். "சீமையில காலேஜ் படிக்கையில படகுல கெட்டிக்காரராம். கிளப்புல சொல்லிக்கிட்டாரு. அதக் கேட்டுத்தான் பக்கத்துத் தோட்டத்து ஹார்டி தொரையோட தங்கச்சி, அந்த மிஸ்ஸி, சோடியாப் பந்தயத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டுச்சு. ஆனா போன ஐப்பசி மழையில முழங்கா ஆழத்து ஓடையத் தாண்ட நாலு ஆளு நாக்காலியில தூக்கிட்டுப் போனாங்க தொரைய. படகக்கூடத் தண்ணியில விட்டு நான் பாத்ததில்ல. கொட்டாயில வண்டி மேல இருக்கும். அவரு அதுல ஏறி உக்காந்து பேப்பர் படிப்பாரு."

வெளியே வந்ததும் நானா ஒரு கல்லில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டார். இரண்டு தும்மலுக்கு நடுவே கேட்டார்: "ரெங்கசாமி, படகு வண்டியில ஏறி உக்காந்தீக்கக்குள்ள அதுட அடிவயிறு கண்ணுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அதான் பலகை மேல அப்பிக்கிட்டு இருக்குமே."

"தண்ணியிலயும் விடல்ல. ஒழுகவும் இல்ல. அப்ப ரோட்டு நடுவுல நிப்பாட்டி, படகைத் தூக்கறதுக்கு முந்தியே 'ஆசாரி கெடுத்துட்டான்'ண்டு ஒரு மனுசனுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

ரெங்கசாமி திரும்பிப் பங்களா இருந்த பக்கம் பார்த்தான்.

பின்னால் நின்ற லெட்சுமி கேட்டாள். "தொரையே குத்தவாளின்னா யாருகிட்டங்க போயி நாயம் கேக்குறது? கோட்டுல எங்க பேச்சு எடுபடுமா?"

அவள் முகத்தில் காலையிலிருந்த துணிச்சல் வடிந்திருந்தது. உண்மை தெரியாதவரை ஒரு நம்பிக்கை இருந்தது. தெரிந்ததும் அதுவும் போய்விட்டதே என்று ரெங்கசாமிக்கு மனம் சங்கடப்பட்டது. தோட்டத்தில் அவனும் அப்படி நின்றவன்தான்.

"நாயம் கேக்க வாணாம் மகள்" என்று நானா எழுந்தார். "அவருக்கு எது வேணுமோ அதைக் குடுப்போம். பேச்சை என்கிட்ட வுடுங்க. கேட்டா மட்டும் வாயைத் தொறங்க. ரெங்கசாமி, நீ கேட்டாலும் தொறக்காத."

* * *

பங்களா விறாந்தையில் டன்பார் துரை சாய்வு நாற்காலியில் கிடந்து கத்தியால் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். சிவந்த முகம், பொன்னிற மீசை. நீட்டியிருந்த கால்களின் குதியில் பிறை வடிவ லாடம் வெயில் பட்டு மின்னியது. ரெங்கசாமி அதைப் பார்த்தான். பிறகு கத்தியைப் பார்த்தான். தந்தப் பிடி போட்ட பேனாக்கத்தி, முனை மொட்டை.

"பாத்தாச்சா?" என்றார் துரை, தோட்டத்தில் பழகிய தமிழில். "ஆசாரி மோசம் ஆள். ஆணி மேலே வந்தது."

"வந்தீக்கிதுதாங்க தொரை. இருபத்தஞ்சு வருஷமா ஆணி விக்கிறேன். பாரத்துக்கு அடியில ஈக்கிற ஆணி மேல வந்து நான் பாத்ததில்ல. அதனால கேஸ் அண்டைக்குக் கோட்டுக்கு நானும் வாறேன்."

கத்தி நின்றது. "நீ ஏன் வருது?"

"என் கடைச் சாமான் பாருங்க. நீதவான் விளக்கம் கேப்பார். ரெண்டு பலகையையும் தூக்கிட்டுப் போய் முன்னுக்கு வைக்கணும். சிற்றாணியைச் சப்பாத்து லாடத்தால அடிச்ச தடம் ஈக்கிது. ஒரு கத்தி முனையும் கெடச்சீக்கிது." நானா பொடி டப்பாவின் மூடியைத் திறந்து பணிவாகக் காட்டினார். "முனை முறிஞ்ச கத்தி எதுண்டுதான் தெரியல்ல."

துரையின் கால்கள் மெல்ல நாற்காலிக்கு அடியில் போயின. போகிற போக்கில் லாடம் சீமெந்துத் தளத்தில் கிறீச்சிட்டது. பாதி உரித்த பழத்தோடு சேர்த்துக் கத்தியைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார். சாறு துணியில் ஊறிக் கீழே இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பார்க்காததுபோல் நின்றார்கள்.

"வேற வழியும் ஒண்டு ஈக்கிது" என்றார் நானா.

"சொல்லு."

"பிழை என் ஆணிலதாண்டு எழுதித் தாறேன். ஆசாரி மேல குத்தமில்ல. கேஸும் இல்ல."

ரெங்கசாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் கடையில் விற்ற ஒரு கொண்டை ஊசியைக் குறை சொன்னவனோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்த மனிதர் இவர்.

துரை மூச்சு விட்டார். "நல்ல யோசனை. ரொம்ப நல்ல யோசனை."

"பிழை என்னுதுங்கிறதால படகையும் நானே சரியாக்கித் தாறேன். பதுளையில எனக்குத் தெரிஞ்ச ஒரு ஓடாவி ஈக்கிறார், காலிப் பக்கத்து ஆள். படகு வேலையிலேயே பொறந்தவர். நாளைக் காலையில வந்தா பகலுக்குள்ள ஓட்டையை அடைச்சிடுவார். சனிக்கிழமை தொரை சொகுசாப் பந்தயத்துக்குப் போகலாம்."

துரையின் முகத்திலிருந்த சிவப்பு கழுவி விட்டாற்போல் இறங்கியது. "அவசரம் வேண்டாம்" என்றார். "நிதானமா செய்யட்டும்."

"நிதானமான ஆள் வேணும்டா..." நானா தாடியைத் தடவி யோசிப்பதுபோல் நின்றார். "வீரய்யாவ விட்டா ஆளில்ல. கை சுத்தம். ஆனா வேல மெதுவா நடக்கும். மெய்தானே மகள்?"

லெட்சுமி கண் இமைக்கவில்லை. "ஒரு கதவுக்கு ஒரு மாசமுங்க."

"படகுக்கு?" என்றார் துரை ஆவலாக.

"பத்து நாளு ஆவுங்க. மழ வந்தா இன்னுங் கூட."

"மழை வரும்" என்றார் துரை, நமுனுகுல மலைக்கு மேலே துளி மேகம் இல்லாத ஆகாயத்தைப் பார்த்து. உடனே காகிதம் எடுத்து, வீரய்யாவை விடுவிக்கவும் பொலிசைத் திருப்பி அனுப்பவும் பத்துச்சீட்டைக் கிழித்துப்போடவும் எழுதிக் கையெழுத்து வைத்தார். நானா இரண்டு தடவை வாசித்து, மடித்து, லெட்சுமியின் கையில் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வேர்வை என்று சொல்ல இப்போது வழியில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீரய்யா ஸ்டோரிலிருந்து நேராகப் பங்களாவுக்கு வந்தான். ஒடிசலான ஆள், தலையெல்லாம் தேயிலைத் தூசி. வரும் வழியிலேயே கொட்டகைக்குள் எட்டிப் பார்த்திருந்தான். ஒரு நாள் பூராவும் மனதில் போட்டு உழப்பியதை, யாரும் கேட்காமலே சொன்னான்:

"நாலே நாலு ஓட்டதானுங்களே தொரை. விடியறதுக்குள்ள அடைச்சுத் தந்துருவேன்."

லெட்சுமி அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"பத்து நாளு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எதுக்குடி பத்து..."

"மழ வருது."

வீரய்யா ஆகாயத்தைப் பார்த்தான். துரையும் பார்த்தார். அந்த நேரத்தில் தபால்காரன் படியேறி வந்து ஒரு கவரை நீட்டினான். படகு உடைந்துவிட்டது, பந்தயத்துக்கு வர இயலாது என்று துரை நேற்றே கிளப்புக்கு எழுதியிருந்தார். அதற்குப் பதில் இது. துரை புன்னகையோடு பிரித்தார். இரண்டாவது வரியில் புன்னகை நின்றது. நாலாவது வரியில் அவர் உட்கார்ந்தார். பையில் பழம் இருந்ததால் மறுபடியும் எழுந்தார்.

"மிஸ்ஸி வேற படகு கொண்டு வருது" என்றார் யாரையும் பார்க்காமல். "ரெண்டு பேரும் கட்டாயம் போகணும். ஊர் எல்லாம் பார்க்குது."

பிறகு துரை நானாவின் பக்கம் சாய்ந்து, காரியமாகக் கேட்டார்: "உன் கடையில் மிதக்குற சாமான் ஏதாவது விக்கிறதா?"

"நான் விக்கிறது முழுக்க இரும்புங்க தொரை."

ரெங்கசாமி தன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனான்.

டன்பார் துரை அப்போது சிரித்திருந்தால் அவரை ரெங்கசாமி ஆயுசுக்கும் மன்னித்திருக்க மாட்டான். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர்ப் பயத்தை ஒளிக்க ஒரு பொய், பொய்யை ஒளிக்க ஒரு திருட்டு வேலை, அதை ஒளிக்க ஒரு குடும்பத்தைத் தெருவில் தள்ளப் பார்த்தது எல்லாம் ஒன்றாக எதிரே வந்து நின்றதுபோல் இருந்தது அவர் முகம்.

"ஆசாரி" என்றார். "உன் பலகை நல்ல பலகை. நான்தான்..." மேலே தமிழ் வரவில்லை. கைவிரலால் ஆணியைத் திருகுவதுபோல் காட்டினார்.

வீரய்யா அவர் விரலைப் பார்த்தான். பெண்சாதி மிதித்த கால் எதற்கு மிதிபட்டது என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"எங்க ஊரு காவேரிக் கரைங்க" என்றான். "பத்து வயசுலேருந்து பரிசல் தள்ளுனவன் நானு. படக இன்னைக்கே அடைச்சிருவேன். நாளைக்கு முழுக்க பேக்டரி அணைக்கட்டுல தொரைக்குத் துடுப்புப் போடக் கத்துத் தாறேன். ஆழம் இடுப்புக்கு மேல இல்ல. நான் பக்கத்துலயே நிப்பேன்."

துரை நம்ப முடியாமல் பார்த்தார்.

"ஆனா ஒண்ணுங்க. நாளைக்குக் காலையில பெரட்டுக் களத்துல, எல்லாரு முன்னாலயும், 'ஆசாரி வேலையில பழுதில்ல'ன்னு தொரை வாயால ஒரு வார்த்த சொல்லணும். கோணல் ஆசாரின்னு ஒரு பேரு வந்துட்டா, பத்துச்சீட்டக் கிழிச்சாலும் அது போவாதுங்க."

வெள்ளிக்கிழமை விடிந்ததும், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் டன்பார் துரை அதைச் சொன்னார். "பழுது இல்லே" என்பதை இரண்டு தடவை சொன்னார். அன்று பகல் முழுக்க அணைக்கட்டிலிருந்து தண்ணீர் தெறிக்கிற சத்தமும், "அப்படியில்லீங்க தொரை, பின்னால சாஞ்சு இழுங்க" என்ற வீரய்யாவின் குரலும் கேட்டுக்கொண்டிருந்தன. டீமேக்கர் சின்னராசாகூட மாடிச் சன்னலில் நின்று பார்த்தார்.

சனிக்கிழமை நானா கடையைப் பூட்டவில்லை; ரெங்கசாமியைத்தான் பந்தயத்துக்கு அனுப்பினார். இருட்டுவதற்குள் அவன் திரும்பி வந்து, கடைப் படியில் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"செல்லு" என்றார் நானா.

"மூணு படகு போச்சு. நம்மாளு அந்தப் பச்சைப் படகுலயே போயி மூணாவது. மிஸ்ஸி துடுப்பு இழுத்தாங்க, தொரை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினாரு. ஒரு எடத்துல ரெண்டு பேரும் வேற வேற பக்கம் இழுத்து, படகு நின்ன எடத்துலயே ஒரு சுத்துச் சுத்துச்சு. மிஸ்ஸி சிரிச்ச சிரிப்பு அக்கரைக்குக் கேட்டுச்சு. 'காலேஜ்ல கத்துக்கிட்டதா'ன்னு கேட்டாங்களாம். 'இல்ல, நேத்துக் கத்துக்கிட்டேன், எங்க ஆசாரிகிட்ட'ன்னு உண்மையச் சொல்லிட்டாராம். அதுக்கப்புறந்தான் அந்தம்மா ரொம்ப நல்லாப் பேசினாங்க."

"வீரய்யா?"

ரெங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கரையில் பத்துப் பேர் படகைத் தூக்கி வண்டியில் வைத்ததையும், துரைமார் கைதட்டியதையும், லெட்சுமி மூன்று பிள்ளைகளையும் வரப்பில் உட்காரவைத்துக் கடலை வாங்கிக் கொடுத்ததையும் சொன்னான். வீரய்யா அந்தக் கூட்டத்தில் யாரையும் பார்க்கவில்லை. அவன் வண்டிக்கு அடியில் குனிந்து, படகின் வயிறும் பலகையும் சேர்கிற இடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்ளங்கையை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கும் தட்டவில்லை. பிறகுதான் மாட்டைப் பூட்டச் சொன்னான்.